'அது' என்று எழுதாதே

மார்ச் 18

அன்புள்ள அக்கா,

போன வாரம் உன் வீட்டுக்கு வந்திருந்தபோது நான் சொல்லாமல் விட்டவை இரண்டு. ஒன்றை இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். இன்னொன்றுக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.

காலை ஆறு மணி. வெறும் வயிற்றில் மாத்திரை போடுவதற்காகத் தண்ணீர்க் குவளையோடு நின்றிருந்தேன். உன் மாமியார் வாசல்படியில் வந்து நின்று, "என்னம்மா அது, செங்கல் நிறத்துல? மூணு மூணா முழுங்கற?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாய்: "சத்து மாத்திரை அத்தை. எந்நேரமும் எழுத்தைப் பார்த்துப் பார்த்து உடம்புல ஒண்ணுமில்ல அவளுக்கு." நான் மூன்றையும் விழுங்கினேன். வாயில் மாத்திரை இருந்ததால் பேசவில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாத்திரை உள்ளே போன பிறகும் நான் பேசவில்லை.

சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "எனக்குக் காசநோய், அம்மா. ஜனவரி பத்தாம் தேதியிலிருந்து மருந்து சாப்பிடுகிறேன். சளியில் இப்போது கிருமி இல்லை, என்னிடமிருந்து யாருக்கும் ஒட்டாது. ஆறு மாதமும் முடிக்காமல் விடமாட்டேன்." நான்கு வாக்கியம். அச்சில் போட்டால் ஒரு விரல் அகலம்கூட வராது.

நீயோ கடிதத்துக்குக் கடிதம் "அது எப்படி இருக்கிறது", "அதற்கு மருந்து தவறவில்லையே" என்று எழுதுகிறாய். அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும்போது மொட்டையாக ஒரு 'அது' வந்தால் ஓரத்தில் சிவப்பு மையால் 'எது?' என்று எழுதிவைப்பது என் வேலை. உன் கடிதங்களின் ஓரமெல்லாம் சிவப்பாகிக் கிடக்கிறது. இனி 'அது' என்று எழுதாதே.

இன்னொரு விஷயம். திரும்பி வந்து பார்த்தால் அட்டையில் இரண்டு மாத்திரை குறைகிறது. சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் தினமும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டு வருகிறேன், ஒருநாளும் பிசகியதில்லை. உனக்கு ஏதாவது தெரியுமா? போனில் கேட்கலாம்தான். உன் வீட்டுப் போன் மணியடித்தால் கூடத்துச் சுவருக்கும் காது முளைத்துவிடுகிறதே! அதனால் வழக்கம்போல் உன் தையல் கடை முகவரிக்கே எழுதுகிறேன்.

நீயும் பரிசோதித்துக்கொள். டிசம்பரில் எனக்கு வெறும் காய்ச்சல் என்று நினைத்து வந்து, மூன்று வாரம் என் ஒற்றை அறையில், ஒரே மெத்தையில் படுத்திருந்தவள் நீ.

உன்
பூச்சி

---

மார்ச் 24

என் புத்தகப் பூச்சிக்கு,

பள்ளிச் சீருடை ஒன்றுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தபோது உன் கடிதம் வந்தது. படித்துக்கொண்டே தைத்ததில் விரலில் ஊசி ஏறிவிட்டது. போதுமா உனக்கு?

அந்த இரண்டு மாத்திரையை எடுத்தது நான்தான். நீ குளிக்கப் போயிருந்தாய். அத்தை வந்து, "உன் தங்கச்சி போடற சத்து மாத்திரையில எனக்கும் ரெண்டு குடேன். கை காலெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்றார். முடியாது என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் நான் எங்கே போவேன்? கத்தரிக்கோல் கையில் இருந்தது. அட்டையிலிருந்து இரண்டை வெட்டிக் கொடுத்துவிட்டேன்.

ஒன்றை அன்று இரவு போட்டார், ஒன்றை மறுநாள் விடிந்ததும். கொஞ்ச நேரத்தில் கழிப்பறையிலிருந்து ஒரு கூச்சல். "ஐயையோ, ரத்தமா போகுது! டேய், வண்டியை எடுடா!" உன் அத்தான் ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடினார். எனக்கா காரணம் தெரியாது? நீ மருந்து தொடங்கிய புதிதில் உன் வீட்டுக்கு வந்து மூன்று நாள் அதே நிறத்தைப் பார்த்தவள்தானே! பீட்ரூட் சாப்பிட்டால் அப்படித்தான் என்றேன். "அதைத் தின்னு ஆறு மாசம் ஆச்சுடி" என்றார். உடம்புச் சூடு என்று மாற்றினேன். ஜக்கு ஜக்காகத் தண்ணீர் குடிக்கவைத்தேன். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. நீ சிரிப்பாய். நான் இரண்டு நாளும் கழிப்பறை வாசலிலேயே காத்துக்கிடந்தேன்.

உனக்கு இருமல் நின்றுவிட்டது. எடை ஏறிவிட்டது. கன்னம் கூடத் தெரிகிறது. இன்னும் எதற்கடி நாலு மாதம்? விட்டுவிடேன். உனக்கென்ன, தனி ஆள். கதவைச் சாத்தினால் ஊர் வெளியே நின்றுவிடும். எனக்குச் சாத்துவதற்கு ஒரு கதவு இருக்கிறதா இந்த வீட்டில்? அந்தப் பெயர் இங்கே காதில் விழுந்தால் என் தட்டு தனியாகப் போய்விடும். மகளை என் பக்கத்தில் படுக்க விடமாட்டார்கள்.

அது முடிகிறவரை இங்கே வராதே. கடிதத்திலும் அந்தப் பெயரை எழுதாதே. கோபித்துக்கொள்ளாமல் வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

---

மார்ச் 29

அக்காவுக்கு,

'அன்புள்ள' இந்த முறை இல்லை என்பதைப் பார்த்திருப்பாய்.

ஒற்றைச் செருப்பு வரை சிரித்தேன். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. மருந்தகத்து நர்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவே இல்லை. "அந்தம்மா வேற என்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்று கேட்டார். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் என்றேன். "இந்த மருந்து மத்த மருந்தோட வேலையைக் கெடுத்துடும். அவங்க டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லச் சொல்லு. உங்க அக்கா கையிலேர்ந்து மொதல்ல கத்தரிக்கோலைப் புடுங்கு" என்றார். குறைந்த இரண்டையும் கொடுத்தனுப்பினார்.

'விட்டுவிடேன்' என்று எத்தனை எளிதாக எழுதிவிட்டாய்! அந்த மருந்தகத்தின் பெஞ்சில் ஒரு லாரி ஓட்டுநரைப் பார்ப்பேன். இருமல் நின்றதும் மூன்றாம் மாதத்தில் நிறுத்தியவர். இப்போது திரும்ப வந்திருக்கிறார். பழைய மருந்து அவரிடம் செல்லவில்லை. பாதியில் விட்டால் மிஞ்சிய கிருமி மருந்தைப் படித்துத் தேறிவிடுகிறதாம். எனக்குப் படிக்க மட்டும்தான் தெரியும். அதற்குத் தேறவும் தெரியும்.

நிறத்துக்குப் பயப்படாதே. சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாமே ஆரஞ்சாகும். என் தலையணை உறையைப் பார்த்தாயே! அது வெறும் சாயம். பயப்பட வேண்டியவை வேறு: கண் மஞ்சளாவது, பசி அற்றுப்போவது, நிற்காத வாந்தி. அப்போது நாமாக ஒன்றும் தீர்மானிக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று கேட்பாய்.

நான் சொல்லாமல் விட்ட இரண்டாவது விஷயம்தான் அதற்குக் காரணம்.

உன் வீட்டில் இருந்த நான்கு நாளும் உன் தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உனக்கு இருமல் வரும்போதெல்லாம் மிதியை மிதிக்கிறாய். அந்தக் கடகடப்புக்குள் இருமி முடித்துவிட்டு நிறுத்துகிறாய். கூடத்தில் இருப்பவர்கள் நீ மும்முரமாக வேலை செய்கிறாய் என்று நினைக்கிறார்கள். ஊசிக்கு அடியில் துணியே இல்லை, அக்கா.

உன் மகள் உன் கைவளைவுக்குள்தான் தூங்குகிறாள்.

நான் செய்யும் வேலைக்கு மெய்ப்புப் பார்ப்பது என்று பெயர். மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பும்தான். ஒரே சொல்லில் இரண்டும் குடியிருக்கின்றன. நீ ஒன்றை மூடிவைத்து இன்னொன்றைக் காப்பாற்றிவிடலாம் என்று பார்க்கிறாய்.

ஏப்ரல் எட்டு வரை காத்திருப்பேன். நீ பரிசோதனைக்குப் போகவில்லை என்றால், அடுத்தது உறைக்குள் வராது. அஞ்சலட்டையில் வரும், வீட்டு முகவரிக்கே வரும். அதில் என் நோயைத்தான் எழுதுவேன். உன்னுடையதை ஊருக்குச் சொல்ல எனக்கு உரிமையில்லை. என்னுடையதை மறைக்க உனக்கும் உரிமையில்லை.

பூச்சி

---

ஏப்ரல் 9
(அஞ்சலட்டை)

அக்கா,

நலம். எனக்குக் காசநோய். மூன்று மாதம் மருந்து முடித்துவிட்டேன், இன்னும் மூன்று மாதம். அன்று உங்கள் வீட்டில் நான் போட்டது சத்து மாத்திரை அல்ல, காசநோய் மருந்து. உன் மாமியார் சாப்பிட்ட இரண்டும் அதுதான். சிவப்பாகப் போனது ரத்தம் அல்ல. தன் மருத்துவரிடம் அவர் இதைச் சொல்ல வேண்டும். சத்து மாத்திரை என்ற பொய் என்னுடையது, மன்னிப்பும் நானே கேட்கிறேன். இதை வழியில் படிக்கும் தபால்காரருக்கு வணக்கம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் நீங்களும் போய்ப் பாருங்கள்.

பூச்சி

---

ஏப்ரல் 23

அடிப் பாவி,

உன் அட்டை பன்னிரண்டாம் தேதி வந்தது. தபால்காரர் என் முகத்தைப் பார்க்காமலே கொடுத்தார். அத்தை கண்ணாடியைத் தேடிக் கிடைக்காமல் உன் அத்தானிடம் நீட்டினார். அவரும் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி உரக்கப் படித்துவிட்டார், தபால்காரருக்குச் சொன்ன வணக்கம் உட்பட.

அத்தை முதலில் கேட்டது என்ன தெரியுமா? "அப்போ எனக்குப் போனது ரத்தமில்லையா?"

"இல்ல அத்தை."

"ஒரு மாசமா புத்துநோய்தான்னு நெனச்சு, யாருக்கும் தெரியாம குளியலறையில குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதுகிட்டு இருக்கேன்டி!"

அவருக்குக் குழாய், எனக்கு மெஷின். ஒரே வீட்டில் இரண்டு பேர் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறோம். ஆனால் இதைக் கேட்டு நீ நெகிழ்ந்துவிடாதே. அன்று சாயங்காலமே, "மூணு வாரம் அவகூடப் படுத்திருந்தவதானே நீ" என்று என் தட்டைத் தனியாக எடுத்துவைத்துவிட்டார். நான் சொன்னது பலித்தது. மூன்று நாள் என்னோடு பேச்சில்லை.

நாலாம் நாள் மெஷினில் உட்கார்ந்தேன். இருமல் வந்தது. கால் தானாக மிதிக்குப் போயிற்று. எடுத்துக்கொண்டேன். கூடமே திரும்பிப் பார்க்கும்படி, மூச்சு முட்ட, முழுசாக இருமினேன். உன் அத்தான் எழுந்து செருப்பை மாட்டினார். இந்தத் தடவை இரண்டு காலிலும்.

எனக்குக் காசனோய். பத்தொன்பதாம் தேதி மருந்து தொடங்கினேன். எல்லோருக்கும் பார்த்தார்கள். அத்தைக்கும் உன் அத்தானுக்கும் ஒன்றும் இல்லை. அத்தையின் டாக்டரிடமும் விஷயத்தைச் சொல்லியாயிற்று. மகளுக்கும் நோய் இல்லை, வராமல் இருக்க மட்டும் மருந்து கொடுத்திருக்கிறார்கள். என் சளி சுத்தமாகும்வரை அவள் அத்தையோடு படுக்கிறாள். மாத்திரை கசக்கவில்லை. அதுதான் கசக்கிறது.

மாத்திரை டப்பாவைக் கூடத்து அலமாரியில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறேன். மேலே நோயின் பெயரை எழுதி ஒட்டிவிட்டேன். இன்று என் தட்டை மற்ற தட்டுகளோடு அடுக்கினேன். அத்தை எடுத்துத் தனியாக வைத்தார். மறுபடி அடுக்கினேன். மறுபடி எடுத்தார். யாருக்கு முதலில் கை சலிக்கிறது, பார்த்துவிடலாம்.

உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. உடனே பதில் எதிர்பார்க்காதே.

அக்கா

---

ஏப்ரல் 28

அன்புள்ள அக்கா,

'காசனோய்' என்று எழுதியிருக்கிறாய். சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்துவிட்டேன். பிறகு மூடிவைத்தேன். இத்தனை மாதத்தில் நீ அந்தப் பெயரை எழுதுவது இதுதான் முதல் தடவை. அந்த இடத்தில் எனக்குத் திருத்த ஒன்றுமில்லை.

காலையில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போடு. நெஞ்செரிச்சல் மருந்தை அதோடு சேர்த்துக் குடித்துவிடாதே. ஒருநாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகப் போடாமல் நர்ஸிடம் கேள்.

இன்னொன்று, இதை உறைக்குள்தான் எழுத முடியும். உன் மெஷின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில், அத்தானுக்கும் தெரியாமல் ஒரு மாத்திரை அட்டை வைத்திருக்கிறாய். இரண்டாவது குழந்தை இப்போது வேண்டாம் என்பதற்காக. இந்த மருந்து உள்ளே போனால் அது வேலை செய்யாது. நாளைக்கே நர்ஸிடம் சொல்லி வேறு வழி கேள். அத்தானிடம் சொல்வதும் சொல்லாததும் உன் பாடு. அதற்கு அஞ்சலட்டை வராது, பயப்படாதே.

மன்னிக்க வேண்டாம். மாத்திரையை விடாதே.

உன்
பூச்சி

---

ஜூலை 11

அன்புள்ள அக்கா,

மே, ஜூன் இரண்டு மாதமும் நீ ஒரு வரி எழுதவில்லை. ஆனால் வாரம் தவறாமல் ஓர் உறை வந்தது, உள்ளே காலி மாத்திரை அட்டைகள் மட்டும். முதல் வாரம் உன் கோபம் என்று நினைத்தேன். இரண்டாம் வாரம்தான் புரிந்தது, நீ எனக்கு மெய்ப்பு அனுப்பிக்கொண்டிருக்கிறாய் என்று. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு குழி விடாமல் எல்லாம் காலி. பிழையில்லை என்று ஓரத்தில் குறித்து, கட்டி வைத்திருக்கிறேன்.

இந்த வாரத்து அட்டையின் பின்னால் துணியில் அளவு குறிக்கும் பென்சிலால் எழுதியிருந்ததைப் படித்தேன்: "தட்டு சேர்ந்தாச்சு. வா."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கூடத்தில்தான் உட்காருவேன். உன் மாமியார் என்ன கேட்டாலும் நானே பதில் சொல்வேன், நீ அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கக் கூடாது. உனக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அந்த அட்டைகளையும் அனுப்பு.

நேற்றுக் காலை ஆறு மணிக்குக் கடைசி மூன்று மாத்திரையையும் போட்டேன். இன்று சாயங்காலம் சிறுநீரில் ஆரஞ்சு போய், நிறம் பழையபடி ஆகிவிட்டது.

உன்
பூச்சி