நீங்கள் கேட்டும் நான் நீட்டாத படிவம்

அண்ணா,

இன்று காலை வாசல் நிலையைச் சரிசெய்ய ஆசாரி வந்தார். இழைப்புளியை வைக்கப் போனவர் நிறுத்தி, "ஏனுங்க, இத்தன ஆழமா யாருங்க வெட்டுனது?" என்றார். விறகு பிளக்கும்போது தவறிப் பட்டது என்றேன். என் கழுத்து உயரத்தில் யார் விறகு பிளப்பார்கள்? அவர் இழைக்கத் தொடங்கினார். இழைத்த பலாமரத்தின் மணம் வீடெங்கும் பரவியது.

அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் மிளகு விற்றுவிட்டு பஸ்ஸில் மலையேறிய ஒருநாள், நம் ஊரில் எங்கே இறங்குவது என்று என்னைக் கேட்டீர்கள். பிறகு சிரித்தீர்கள். "புத்தி நழுவுது தம்பி. பேங்குல உம்பேரையும் சேத்துப்போடு. நாளைக்கு நான் கிறுக்கனாயிட்டா உங்கண்ணி எங்க போவா?"

மிளகுக் காசையெல்லாம், என் பங்கும் சேர்த்து, மூத்தவர் கணக்கில் போடுவதுதான் நம் வீட்டு வழக்கம். இருவரில் யாரும் எடுக்கலாம் என்று மாற்றும் படிவத்தை மறுநாளே வாங்கி நிரப்பினேன். நீட்டத்தான் கை வரவில்லை. தம்பி நீட்டிய காகிதத்தில் அண்ணன் கையெழுத்திட்டது நம் வீட்டில் நடந்ததில்லை. உங்களைக் கிறுக்கன் என்று நானே எழுதிக் கொடுப்பதுபோல் இருந்தது. ஆதாரில் முகவரியைத் திருத்திவிடலாம், அறுவடை முடியட்டும் என்று காரணங்களை வரிசைப்படுத்தினேன். ஒரு வருடம் போயிற்று.

அதற்குள் நீங்கள் வேறொருவர் ஆகிவிட்டீர்கள். காயவைத்த மிளகைத் திருடுவதாகச் சொல்லி அண்ணியைச் சுவரில் மோதும்படி தள்ளினீர்கள். விழுந்தவரை மிதித்தீர்கள். தொடை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அறுவை செய்ய ஆஸ்பத்திரியில் பணம் கட்டச் சொன்னார்கள். பணம் உங்கள் பெயரில் இருந்தது.

உங்களை பேங்குக்கு அழைத்துப் போனேன். "இவரு யாருங்க?" என்று மேலாளர் என்னைக் காட்டி உங்களிடம் கேட்டார். "களவாணிப்பய" என்று சொல்லி என்னை அறைந்தீர்கள். என் மூக்குக்கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்தது. அவர் என்னைத் தனியே அழைத்து, "இந்த நெலமைல இவருகிட்ட கையெழுத்து வாங்க முடியாதுங்க. கோர்ட்டுக்குத்தான் போவோணும்" என்றார். அவர் சொன்னது சரிதான்.

நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "ஒரே ஒரு கையெழுத்துங்கண்ணா" என்று படிவத்தை நீட்டினேன். ஒரு வருடம் நீட்டாததை அன்றுதான் நீட்டினேன். கொடுவாளை எடுத்து வீசினீர்கள். குனிந்தேன். அது நிலையில் இறங்கி நின்றது. அதைப் பார்த்ததும் உங்கள் முகம் மாறியது. என்னை முதுகுக்குப் பின்னால் இழுத்து மறைத்துக்கொண்டு, "எவன்டா என் தம்பிய வெட்ட வந்தது? வெளிய வாடா!" என்று கத்தினீர்கள்.

கோர்ட்டு உத்தரவு வருவதற்குள் அண்ணியின் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. இப்போதும் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார். உங்களை ஒருநாளும் குறை சொன்னதில்லை. என்னையும்தான். என்னைச் சொல்லியிருக்கலாம்.

போன வாரம் என் கணக்கில் மகளைச் சேர்த்தேன். "ஏனுங்கப்பா, ரெண்டு மூட்ட மொளகுக் காசு. அதுக்கு இத்தன கையெழுத்தா?" என்று சிரித்தாள். ஒருநாள் நான் அவளைக் களவாணி என்பேன், அடிப்பேன், அப்போது சொல்வதை நம்பாமல் இன்று சொல்வதை நம்பவேண்டும் என்றேன்.

"நீங்களா? எறும்பக்கூட ஊதித்தானே தள்ளுவீங்க!" என்றாள்.

உண்மைதான் அண்ணா. இந்தக் கை இதுவரை யாரையும் அடித்ததில்லை. உங்கள் கையும் அந்த வருடம்வரை அடித்ததில்லை.