போன் முதுகில் வைத்த வாட்ச்

ராடமேஸ்,

உன்னை எழுப்பினால் கத்திவிடுவேன், மிலேனி பயந்துபோவாள். அதனால் எழுதிவைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன்.

"ஒரே ஒயரு போதும் யோகாஸ்தா, போன் முதுகுல வாட்ச்சை வச்சா தானா சார்ஜ் ஏறிக்கும்" என்று நீயே செய்த போனைக் காட்டிப் பீற்றிக்கொண்டாயே. நேற்று மதியம் கரண்ட் போனதும் நம் மகள் மிலேனியின் வாட்ச்சை அப்படி வைத்துவிட்டு, கொல்மாடோ கடைக்கு டோமினோ ஆடப் போய்விட்டாய். வாட்ச் போனை உறிஞ்சிக் குடித்துவிட்டது. போன் செத்துக் கிடந்தால், அவள் கையில் ஒட்டியிருக்கும் சர்க்கரை சென்சார் யாரிடம் போய்க் கத்தும்? சர்க்கரை இறங்கி, வேர்த்துக் கொட்டி முற்றத்தில் சுருண்டு கிடந்தாள். தற்செயலாகப் பார்த்து ஜூஸ் கொடுத்தேன்.

கரண்ட் திரும்பியதும் தெருவே "வந்துருச்சு!" என்று கூவியது. போனுக்கும் அப்போதுதான் உயிர் வந்து அலாரம் அடித்தது. வெட்கமாயில்லை?

அடுப்பில் பீன்ஸ் சோறு இருக்கிறது. அவள் சாப்பிடுமுன் ஊசி போடு. மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டேன். டோமினோவுக்கு நடந்தும் போகாதே. உன் கூட்டாளி ஃப்ரெமியோ இந்தப் போனைப் பார்க்க வந்தால் நடந்ததையும் சொல்.

யோகாஸ்தா

பி.கு. அந்தப் போனைக் குப்பையில் போடத்தான் எடுத்தேன். "அப்பா செஞ்சதும்மா, தூக்கிப் போட்டுடாத" என்று மிலேனி கையைப் பிடித்துக்கொண்டாள். மேசைமேல் வைத்திருக்கிறேன். பாதிக்குக் கீழே இறங்கினால் போன் வாட்ச்சுக்குச் சார்ஜ் கொடுக்கவே கூடாது, அப்படி மாற்று. மாற்றும்வரை அவள் பக்கத்தை விட்டு நகராதே. உன் கண்ணுக்குக் கரண்ட் தேவையில்லை.