ஏழாம் நம்பர் ஆட்டம்

ஜூலை 14, திங்கள்

விடியலிலிருந்தே காற்று. பழைய தங்கச் சுரங்கத்துச் சயனைடு மேட்டு மண் முழுக்கக் கொடியில் காய்ந்த துணி மேல். சீருடை இரண்டையும் மறுபடி அலச வேண்டும். சோம்பல். ஒன்றை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். கழுத்தெல்லாம் நமைச்சல்.

ரயிலில் இடம் கிடைத்தது. கார்மென்ட்ஸ் குமாரி துப்பட்டா போட்டுப் பிடித்துவைத்திருந்தாள். எலுமிச்சை சாதம் கொண்டுவந்தாள், உப்பு தூக்கல்.

பெங்களூரு வக்கீல் மேடத்திடமிருந்து மெயில். வெள்ளிக்கிழமை விசாரணை, வீடியோவில். சென்னையில் பேட்டன்ட் ஆபீசர் உட்கார்ந்து கேட்பார், மேடம் பதில் சொல்வார், நானும் கூட இருக்கலாம். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஸ்பேனர் மாட்ட நான் செய்த பட்டையும் கிளிப்பும் தொழில் தெரிந்த எவருக்கும் தோன்றக்கூடியதா, இல்லையா.

ஆபீசர் எழுதியிருப்பதைத் திரும்பப் படித்தேன். சுவரில் அடிக்கும் இரும்புப் பட்டை ஒருவர் முன்பே செய்திருக்கிறார். இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கிளிப் இன்னொருவர் செய்திருக்கிறார். இரண்டையும் சேர்த்தால் அமலாவுடையது, இதில் புதிதாக என்ன. இட்லியும் இருக்கிறது, சாம்பாரும் இருக்கிறது, தொட்டுச் சாப்பிடுவதற்குப் பேட்டன்டா என்கிறார். அவர் நிலையில் இருந்தால் நானும் அதையேதான் கேட்பேன்.

கடைசியில் ஒரு சில்லறைக் குறையும் சொல்லியிருக்கிறாராம். மேடம் போனில்: "படத்துல ஏழாம் நம்பர் போட்டு ஏதோ 'அட்டம்'னு இருக்கும்மா, எங்க டிராயிங் பண்றவரு டைப்பிங் மிஸ்டேக். அதை எடுத்துட்டு வேற படம் வியாழக்கிழமை அனுப்பிடறேன்." சரி மேடம் என்றேன்.

மத்தியானம் டூல் கடைக்காரர் போன். "பேட்டன்ட் வந்துட்டா உங்க கிட்டயே வாங்கிக்கிறேன். வரலன்னா நானே பண்ணிக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க மேடம்." தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். வந்தால் ராபர்ட்சன்பேட்டையில் வீட்டுக்காரர் சே.வின் மோட்டார் கடைக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் என் பட்டறை. விடியுமுன் எழுந்து ஓடும் இந்த ரயிலுக்கு ஒரு கும்பிடு. வராவிட்டால் என் கிளிப்பை அவன் செய்து விற்பான், நான் அதே ரயிலில் பெங்களூரு கம்பெனிக்குப் போய் அதே டூல் ரூமில் அதை வாங்கி மாட்டுவேன்.

கேஸ் சிலிண்டர் புக் செய்ய மறந்துவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

மேகமூட்டம். தூறல் என்று சொல்லவும் முடியாது.

விண்ணப்பத்தை முதல் வரியிலிருந்து படித்துப் பார்க்க உட்கார்ந்தேன். இங்கிலீஷ் படிப்பேன், ஆனால் வக்கீல் இங்கிலீஷ் வேறு சாதி. கையெழுத்துப் போட்டபோது பேரும் விலாசமும் சரியா என்று மட்டும்தான் பார்த்தேன். இன்று நாலாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். கிளிப் பட்டையை "டைட்டாக" பிடித்திருக்கும் என்று போட்டிருக்கிறது. கீழே திரும்ப ஒருமுறை டைட். உரிமை கேட்கும் பத்தியிலும் டைட்.

என்னுடையது டைட்டே கிடையாது. லூஸ்! அதுதானே விஷயமே!

ஸ்டேஷனிலிருந்தே மேடத்துக்குப் போன்.

"நீங்கதானம்மா சொன்னது, 'டைட்டா நிக்கும் மேடம்'னு? ரயில்ல இருந்து பேசினீங்க, எனக்கு ஞாபகம் இருக்கு."

சொல்லியிருப்பேன். எங்கள் பேச்சில் டைட்டா நிக்கும் என்றால் அசையாது, விழாது, நம்பலாம். கிளிப் இறுக்கமாகக் கவ்வும் என்று நான் எங்கே சொன்னேன்? மேடத்துக்குக் கன்னடம், தமிழ் கேட்டுக் கேட்டுப் பழகியது. அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

"அப்ப லூஸ்னு மாத்திடுங்க மேடம்."

"ஆகல்லம்மா. முதல்ல குடுத்த காகிதத்துல இல்லாத விஷயத்தை இப்ப புதுசா சேர்க்க விடமாட்டாங்க. லூஸ்னு எங்கயாவது ஒரு வார்த்தை இருக்கணும். நான் தேடிட்டேன், இல்ல."

அப்படியென்றால் ஆபீசர் சொல்வது சரி. காகிதத்தில் இருப்பது இட்லியும் சாம்பாரும்தான்.

டூல் ரூமில் இன்று மூன்று பேருக்குத் தவறான சைஸ் கொடுத்தேன். சூபர்வைசர் முறைத்தார்.

ஜூலை 16, புதன்

தலைவலி. லீவு போடவில்லை. காற்று நின்றுவிட்டது, புழுக்கம்.

இதை எனக்காகவே எழுதி வைக்கிறேன், வெள்ளிக்கிழமை வாய் குழறினால் உதவும்.

எங்கள் டூல் ரூமுக்கு அடுத்த சுவர் தகடு அடிக்கும் பிரெஸ் ஷாப். பிரெஸ் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் சுவர் அதிரும். ஸ்பிரிங் கிளிப் எல்லாம் அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். ஷிப்டு முடிவதற்குள் பட்டையின் ஓரத்துக்கு வந்து ஸ்பேனரோடு கீழே. ஒருமுறை சூபர்வைசர் காலிலேயே விழுந்தது. இன்னும் டைட்டான கிளிப் வாங்கினார்கள். அதுவும் நடந்தது. அதைவிட டைட். அது நடக்கவும் செய்தது, உடையவும் செய்தது.

ரயில் ஜன்னல் கம்பியில் என் டிபன் பை தொங்குவதைப் பார்த்துக்கொண்டுதான் எனக்குத் தோன்றியது. தொளதொளவென்ற கொக்கி, கோணலாகத் தொங்கிற்று, பங்காருபேட்டை ஜங்ஷனில் அந்தக் குலுக்கு குலுக்கியும் இடம் மாறவில்லை. குமாரியின் கொக்கி இறுக்கமானது. வழுக்கிக்கொண்டு மூலைக்குப் போய்விட்டது.

மேசை இழுப்பறையைக் கோணலாக இழுத்தால் சிக்கிக்கொள்ளும் இல்லையா, அதேதான். கிளிப்புக்கும் பட்டைக்கும் நடுவில் இடைவெளி வேண்டும். ஸ்பேனரின் எடை கிளிப்பைச் சாய்க்கும், சாய்ந்ததும் இரண்டு விளிம்பும் பட்டையைக் கடிக்கும். அதிர அதிர இன்னும் கடிக்கும். தூக்கினால் விடும்.

வீட்டில் தகரத்தை வளைத்துச் செய்து சூபர்வைசரிடம் காட்டியபோது ஆட்டிப் பார்த்துவிட்டு, "பீளுத்தே அம்மா, பீளுத்தே" என்றார். விழும், விழும் என்று. மாட்டவே விடவில்லை. கம்பெனியும் எங்களுக்கு இதில் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அன்று அழுதேன், பிறகு அதுவே நல்லதாகப் போயிற்று.

சே.விடமும் முதலில் காட்டினேனே. "இன்னா அமலா இது, தொளதொளன்னு கீது. வுழுந்துடும்." கட்டின புருஷன்!

இன்று அவரோடு சண்டை. டைட்டோ லூசோ, பேட்டன்ட் வந்தால் போதாதா என்கிறார். "எழுதனதே எழுதனதா இருக்கட்டும். நீ வாயைத் தொறக்காத, அந்தம்மா பேசிக்கும்." பொய்யான ஒன்றுக்குப் பேட்டன்ட் வாங்கி என்ன செய்வது, கடைக்காரன் லூசாகச் செய்து விற்பான், என் காகிதம் டைட்டைக் காக்கும். அதைச் சொல்லும் பொறுமை இல்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். குழம்பு அவ்வளவும் மீதி.

பயமாக இருக்கிறது. தோற்பதற்கு அல்ல, நான் செய்யாத ஒன்றுக்காகத் தோற்பதற்கு.

ஜூலை 17, வியாழன்

என்ன நாள்!

காலை ரயில், நசநசவென்று மழை, ஜன்னல் எல்லாம் மூடி ஒரே வேர்வை நாற்றம். யாரோ பின்னால்: "பெரிய பொண்ணுக்கு இன்னும் ஒண்ணும் அமையல, சின்னது அவசரப்படுது." குமாரியிடம் என் கதையைச் சொல்லிப் புலம்பினேன். டைட் என்று எழுதிவிட்டார்கள், நான் சொன்னது அசையாது என்று, இப்படி இப்படி.

குமாரி சிரிப்பு. "இன்னாக்கா நீ. டைட்டுன்னா அசையாதா? எங்கூட்டுக்காரு ஃபுல் டைட்ல வருவாரு பாரு சனிக்கிழமை, அப்பதான் அந்த ஆட்டம் ஆடுவாரு!"

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அந்தச் சொல் உறைத்தது.

ஆட்டம்.

அட்டம் இல்லை, ஆட்டம்! ஏழாம் நம்பர்!

நான் கையால் வரைந்து கொடுத்த படத்தில், கிளிப்புக்கும் பட்டைக்கும் நடுவில் அம்பு போட்டு "ஆட்டம்" என்று தமிழில் எழுதியிருந்தேன். தொளதொளப்பை டூல் ரூமில் வேறு எப்படிச் சொல்வோம்? பேரிங்கில் ஆட்டம் இருக்கு, ஷாஃப்ட்டில் ஆட்டம் இருக்கு, தினமும் வாயில் வருவது. படம் வரைபவர் யாரிடமோ படிக்கச் சொல்லிக் கேட்டு அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் அடித்துவிட்டார். அது தப்பாக அடித்தது இல்லை. மொத்த விண்ணப்பத்திலும் சரியாக இருக்கும் ஒரே சொல் அதுதான்.

மேடம் அதை அழித்துவிட்டு இன்று வேறு படம் அனுப்பப் போகிறார்.

போன். எடுக்கவில்லை. மறுபடி. சிக்னல் போயிற்று. மெசேஜ் சுற்றிக்கொண்டே இருந்தது, போகவில்லை. மேடம் காலையில் இன்னொரு கேஸில் இருப்பார் என்று நினைவு வந்தது. குமாரி ஜெபமாலையை எடுத்து என் கையில் வைத்தாள். அவள் இந்து, அது என் பையிலிருந்த என் ஜெபமாலைதான்.

ஷிப்டுக்குப் போகவில்லை. நேரே ஆட்டோ, மேடம் ஆபீஸ். வரவேற்பில் இருந்த பெண் உட்காரச் சொன்னாள், உட்காராமல் உள்ளே போய்விட்டேன். படம் வரைபவர் திரையில் புதுப் படம். ஏழு இல்லை. "அனுப்பிட்டீங்களா?" என்று தமிழில் கத்திவிட்டேன். அவர் பயந்து எழுந்து நின்றார். அனுப்பவில்லை. மேடம் வந்து பார்த்த பிறகு அனுப்பலாம் என்று வைத்திருந்தாராம்.

நாற்காலியில் விழுந்தேன். தண்ணீர் கொடுத்தார்கள்.

மேடம் வந்து கேட்டார், "ஆட்டம் அந்த்ரே ஆட்டானா? விளையாட்டு?" கன்னடத்தில் ஆட்டா என்றால் விளையாட்டு. பேனாவையும் அதன் மூடியையும் வாங்கித் தொளதொளவென்று ஆட்டிக் காட்டினேன். மேடம் பழைய படத்தை எடுத்து அந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்பு ஒரு பொருளையும் காட்டவில்லை, நடுவிலிருக்கும் வெற்றிடத்தைக் காட்டுகிறது.

"இது முதல் நாள்லேருந்து படத்துல இருக்கும்மா. புதுசா சேர்க்கறது இல்ல. இருக்கறதை விளக்கறது." அப்புறம் குரலை இறக்கி, "ஆனா இது லூஸ்னு காட்டறது மட்டும்தான். லூஸா விடறது யாருக்கும் தோணும்னு சொல்லிட்டா?"

பட்டையையும் கிளிப்பையும் நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன்.

நாளைக்கு எடுத்துப் போக:
பட்டை (சே. மேசையில் முடுக்க ஸ்டாண்டு அடித்துத் தருகிறார், சமாதானம்)
ஸ்பிரிங் கிளிப் 1
என் கிளிப் 2
பெரிய ஸ்பேனர்
சுத்தியல்
இஸ்திரி போட்ட நீலப் புடவை

ஜூலை 18, வெள்ளி

மழை விட்டு வெயில். மேடம் ஆபீஸிலிருந்து எழுதுகிறேன், திரும்பும் ரயிலுக்கு நேரம் இருக்கிறது.

ஆபீசர் வயதானவர், மெல்லிய குரல். மேடம் இங்கிலீஷில் பேசினார். ஆபீசர் படத்தைப் பெரிதாக்கினார். "அட்டம்..." என்று இழுத்து நிறுத்தி, என்னைப் பார்த்துத் தமிழில்:

"மிஷின்ல ஆட்டம் இருக்குன்னு சொல்லுவாங்களே, அந்த ஆட்டமாம்மா?"

"ஆமாங்க சார்! அதேதான் சார்!"

தலையசைத்து எழுதிக்கொண்டார். டைட் என்பது தவறாக வந்தது, ஆட்டம் என்பது முதலிலிருந்தே இருக்கிறது, அதை ஏற்றுக்கொள்ளலாம் என்றார். மேடம் மேசைக்கடியில் என் கையைப் பிடித்து அழுத்தினார். ஆனால் ஆபீசர் விடவில்லை. "சரி, லூஸ். டைட்டா ஒரு பொருள் வேலை செய்யலைன்னா அடுத்து லூஸா விட்டுப் பாக்கறது இயல்புதானே? இதுல என்ன இருக்கு?"

மேடம் நீளமாகப் பேசினார். ஆபீசர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. செய்து காட்டட்டுமா சார் என்று கேட்டேன். கேமராவைத் திருப்பினார்கள்.

முதலில் ஸ்பிரிங் கிளிப். மாட்டி, பட்டையைச் சுத்தியலால் தட்டத் தட்ட நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்குப் போய் ஸ்பேனர் தொப்பென்று தரையில். அடுத்து என்னுடையது. விரலால் ஆட்டிக் காட்டினேன், தொளதொள. ஸ்பேனரை மாட்டினேன். கோணலாகத் தொங்கிற்று, பார்க்கவே அசிங்கமாக. சுத்தியலை ஓங்கினேன்.

"பாத்தும்மா, பாத்து! கால்ல விழுந்துடும்!"

ஆபீசர்தான். நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார், சென்னையில் இருந்துகொண்டு பிடிக்கப் போகிறவர் மாதிரி.

அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். மேடத்தின் மேசைக் கண்ணாடி அதிர்ந்தது. ஸ்பேனர் ஆடிற்று, கிளிப் அசையவில்லை.

ஆபீசர் உட்கார்ந்தார். கொஞ்சம் வெட்கம். "ம். பார்த்தா ரொம்ப சிம்பிளா இருக்கேம்மா. இது யாருக்கும்..."

"சார்," என்றேன். குறுக்கே பேசக் கூடாது என்று மேடம் சொல்லியிருந்தார். "சார், எங்க சூபர்வைசரு விழும்னாரு. எங்க வீட்டுக்காரு விழும்னாரு. நீங்களும் இப்ப விழுந்துடும்னுதான் சார் சொன்னீங்க."

எங்கோ மின்விசிறி சத்தம், எங்கள் பக்கமா அவர் பக்கமா தெரியவில்லை.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மேடத்திடம், "அவங்க இப்ப சொன்னதையும் பதில்ல எழுதிக் குடுத்துடுங்க" என்றார். ஆர்டர் பின்னால் வருமாம். வணக்கம் சொன்னேன். திரை அணைந்தது.

மேடம் சிரிக்கிறார், சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைக்கிறார். படம் வரைபவர் காபி வாங்கிவந்தார். சுத்தியலைப் பைக்குள் வைக்க முடியவில்லை, விரல் இறுகிப் போய்விட்டது.

சே. போன்.

"இன்னாச்சு? இன்னா சொன்னாரு ஆபீசரு?"

"வுழுந்துடும்னாரு."