கொத்தளப் புஞ்சை

அண்ணாச்சி,

விதைப்புக்காக மல்லியை உடைத்துக்கொண்டிருக்கிறேன். வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் சிரிப்புதான் காதில் கேட்கிறது. உங்கள் கொத்தளப் புஞ்சையைக் கொத்தமல்லிப் புஞ்சை என்றே நினைத்து, "பேர்லயே மல்லி இருக்கு, வேற எதை வெதைப்பிய?" என்று உங்களுக்கே புத்தி சொன்னவன் நான். பத்தாவதில் பெயிலானவனுக்கு மூளை அவ்வளவுதான் ஓடும்.

"ஏலே, கொத்தளம்னா கோட்டை மூலையில பீரங்கி வைக்கிற மேடு" என்று புஞ்சை ஓரத்து மண்மேட்டில் என்னை ஏற்றி நிறுத்தி, வைப்பாற்றைக் காட்டினீர்கள். எனக்கு மணல்தான் தெரிந்தது. நீங்களோ தண்ணீர் ஓடுகிற மாதிரியே பேசினீர்கள். ஆற்றங்கரையில் வண்டிப்பேட்டை, சந்தை, ஊரைச் சுற்றி மண்சுவர். குண்டு விழுந்தால் சுவர் இடியாதாம், விழுங்கிக்கொள்ளுமாம். கடைசியில் வெள்ளைக்காரன் ஊரைக் காலிசெய்து, கோட்டைக்குள் ஏர் பூட்டி உழுது ஆமணக்கு விதைத்தானாம். "இந்த ஒரு மூலைதான் தப்பிச்சிட்டு. எங் கலப்பை இதுல ஏறாது" என்றீர்கள். ஏறவுமில்லை.

நீங்கள் கண்மூடியபின் வரும் முதல் விதைப்பு இது. மேட்டை நிரவி உழ, உங்கள் மகன் என் டிராக்டரைத்தான் கேட்கிறான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுக்க வாய் வராமல் டயர் சரியில்லை என்றேன். பிறகு இடுப்பு வலி என்றேன்.

நேற்று வாசலில் வந்து நின்றான். "சித்தப்பா, சீக்கு ஒங்களுக்கா, டிராக்டருக்கா?"

"வெள்ளைக்காரன் உழுதது போக மிச்சம் கெடக்கது அது ஒண்ணுதாம்லே. அதையும் நானா உழணும்?"

"நான் என்ன அரண்மனையவா கேக்குதேன்? அங்கன மண்ணைத் தவிர என்ன கெடக்கு?"

"மண்ணுதாம்லே கோட்டையே!"

என் வாயில் இப்படியொரு பேச்சா என்று எனக்கே திகைப்பு. உள்ளே என் மகள் சிரிப்பது கேட்டது. அவன் வாசலை விட்டு இறங்கினான். பிறகு, "சரி, இந்த வருசம் சுத்தி உழுங்க. அடுத்த வருசம் பாப்போம்" என்று போய்விட்டான்.

அடுத்த வருசம் என்ன சாக்குச் சொல்வது என்று இப்போதே யோசிக்கிறேன். அன்று எதிரி ஆற்றைத் தாண்டி வந்தான். இன்று சித்தப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு வருகிறான். அவனைத் திட்டவும் மனம் வரவில்லை, அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். காவலுக்கு நல்ல ஆளைத்தான் வைத்துவிட்டுப் போனீர்கள், அண்ணாச்சி. சண்டை போடத் தெரியாதவன் நான். வருசத்துக்கு ஒருமுறை உங்கள் மகன் வாயிலிருந்து ஒரு 'சரி'யை வாங்க வேண்டும், அவ்வளவுதான்.