புடலங்கொடியில் கத்தரிப்பூ நூல்

பங்குனி (மார்ச்) 10, செவ்வாய்

அண்ணை என் நூலை வெட்டிப் புடலங்காய்க்குக் கல்லுக் கட்டியிருக்கிறார். கேட்கவில்லை. சொல்லவுமில்லை. விடியப் பந்தலடிக்குப் போனால் காய்க்கு ஒரு துண்டு, கத்தரிப்பூ நிறம், நுனியில் கல்லு. காற்றுக்கு வடிவாக ஆடுது.

ஏழு மணிக்கே வெயில் சுட்டது. தேத்தண்ணி குடிக்கவில்லை.

கல்லுக் கட்டத்தான் வேண்டும். கட்டாவிட்டால் காய் சுருளும், மருதனார்மடம் சந்தையில் ஒருவரும் தொடமாட்டார்கள். வருசம் முழுக்க அதைக் கட்டுகிறவளே நான்தான். வாழைநாரால். வாழை கிணற்றடியில் நிற்கிறது. முப்பது வருசமாக இந்த வளவில் இருக்கிறவருக்கு வாழை எங்கே என்று தெரியாது. என் கூடை எங்கே என்று மட்டும் தெரியும்.

"அண்ணை, என்ரை நூலை ஏன் வெட்டினீங்கள்?"

"எந்த நூல்?"

"பந்தலிலை தொங்கிற நூல்."

"ஓ, அதே? நூல்தானே. கடையிலை இல்லாத சாமானே?"

குசினிக்குள்ளிருந்து அம்மா: "கொண்ணை பாவமடி. நேற்று நீ வெங்காயத்துக்குள்ளை புல்லுப் பிடுங்கிக்கொண்டு நிண்டனி. அவன் கந்தோர் வேலையாலை வந்த களைப்போடை ஒரு உதவி செய்தவன். அதுவும் பிழையே?"

நான் செய்தால் அதற்குப் பெயரே இல்லை. அவர் செய்தால் உதவி.

அந்த நூல் மேசைவிரிப்பின் கரைக்கு. (இனி மே.வி.) எட்டு மாதமாகக் குறோசே ஊசியால் பின்னுகிறேன், மத்தியானச் சாப்பாட்டுக்கும் பின்னேர வேலைக்கும் இடையில் கிடைக்கிற நேரத்தில். நடு முழுக்க வெள்ளை, கரை கத்தரிப்பூ. நடு முடிந்தது. கரையில் பாதி முடிந்தது. வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்குள் யாழ்ப்பாணம் டவுனில் கைவேலைக் கண்காட்சிக்குக் கொடுக்க வேண்டும். பிந்தினால் எடுக்கமாட்டார்கள். அங்கே வருகிற கடைக்கார அன்ரி ஒருவர் தனக்குப் பிடித்த வேலை செய்தவருக்குக் கடை அலுமாரியில் ஒரு தட்டு ஒதுக்கிக் கொடுப்பாவாம். தட்டில் பெயர் எழுதி ஒட்டுவாவாம்.

எனக்கு அந்தத் தட்டு வேண்டும். இந்த வீட்டில் என் பெயர் எழுதின ஒன்றும் இல்லை. குடும்ப அட்டையில்கூடக் கடைசி.

முந்தநாள் மகளிர் தினம். வாசிகசாலையில் அண்ணை பேசினவர். தலைப்பு: பெண்களின் காணப்படாத உழைப்பு. அவர் போட்ட சேட்டுக்கு அயன் பிடித்து மினுக்கிக் கொடுத்தது நான். கைதட்டினதும் நான்.

பங்குனி 11, புதன்

எங்கள் தண்ணி முறை. கிணறு பங்குக் கிணறு. எங்களுக்குப் புதனும் ஞாயிறும். மற்ற நாள் பக்கத்து வளவுச் சின்னராசா மாமாவுக்கும் அவருடைய தம்பிக்கும். இருட்டோடு எழும்பி மோட்டரைப் போட்டேன். வாய்க்காலால் தண்ணி ஓடும். ஒரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் அதன் வாயை அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும். இதுதான் தண்ணி மாறுகிறது. ஒரு ஆள் கடைசி வரைக்கும் நின்றே ஆகவேண்டும். போன் பார்த்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை, அதுதான் அதற்கு ஆள் நான்.

பிறகு:
முற்றம் கூட்டினது.
ஆட்டுக்குக் குழை.
புட்டு, சம்பல். அண்ணைக்கு மத்தியானச் சாப்பாடு கட்டினது. முட்டை வேணுமாம், பொரித்தது.
அம்மாவுக்கு முழங்காலுக்கு எண்ணெய்.
கோழிக்கூடு. ஒரு அடைக்கோழி கொத்திப்போட்டுது.
உடுப்புத் தோய்த்தது.

பத்து மணி பஸ்ஸில் டவுன். நூல்கடை. இலக்கம் எழுதின பழைய ஒட்டுத்தாளையும் மிச்சத் துண்டையும் கொண்டு போனேன். கடைப்பிள்ளை என்னைவிடச் சின்னவள், நகத்துக்குப் பச்சை பூசியிருந்தாள்.

"இந்தாங்கோ அக்கா. அதே இலக்கம்."

வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்துப் பார்த்தேன். என்னுடையது கத்தரிப்பூ. இது நாவற்பழம்.

"நிறம் வேறை, தங்கச்சி."

"இலக்கம் ஒண்டுதான் அக்கா. சாயம் போடேக்கை ஒவ்வொரு தரமும் கொஞ்சம் மாறும். முதலே முழுக்க வாங்கி வைக்கவேணும்."

"முழுக்கத்தான் வாங்கினனான்."

"பிறகு?"

"எங்கடை வீட்டிலை புடலங்காய் நேரா வளருது."

விளங்கவில்லை அவளுக்கு. சிரித்துவிட்டு, "எங்கை அக்கா விரிக்கப் போறீங்கள்? ஆர் கிட்டக் குனிஞ்சு பாக்கப் போகினம்?"

அந்தக் கடைக்கார அன்ரி குனிவா. அதுக்குத்தானே வருகிறா.

வாங்காமல் திரும்பினேன். பந்தலில் தொங்குகிறதைத்தான் எடுக்க வேண்டும்.

பங்குனி 12, வியாழன்

அம்மாவிடம் சொன்னேன், நூலை அவிட்டு எடுக்கப் போறன் என்று. அம்மா அகப்பையோடு வெளியில் வந்துவிட்டா.

"கல்லை அவிட்டால் காய் சுருளும். பிறகு ஆர் வாங்கிறது? உன்ரை விளையாட்டுக்குத் தோட்டத்தைப் பாழாக்கப் போறியே?"

விளையாட்டு.

"வாழைநாராலை வேறை கல்லுக் கட்டிப்போட்டுத்தான் அவிப்பன்."

"அவ்வளவு காய்க்கும்?"

"அவ்வளவுக்கும்."

"உனக்கு விசர்."

ஓம். விசர்தான். வாழைமட்டை வெட்டி நாராகக் கிழித்து, நனைத்து, ஒவ்வொரு காயாக முதலில் நார், பிறகு கல்லு, பிறகு நூலை அவிட்டது. வெட்டவில்லை, அவிட்டது. அண்ணை போட்ட முடிச்சு ஒன்றும் முடிச்சில்லை, மூன்று நான்கு சுற்றுச் சுற்றி இறுக்கினது. நகம் இரண்டு போய்விட்டது. கழுத்து பின்னுக்கு வளையுதில்லை. மேலே பார்த்தபடி நின்றதில் புடலம்பூவும் எறும்பும் கண்ணுக்குள்.

நடுவில் அண்ணை வந்தார், லீவு நாளாம். உதவிக்காக்கும் என்று நினைத்தேன். மடைச்சி.

"தங்கச்சி, அப்பிடியே நில். கொஞ்சம் அங்காலை தள்ளு, காய் மறைக்குது."

படம் எடுத்தார். நான் தள்ளினேன். ஏன் தள்ளினேன்? கை தன்பாட்டில் இந்த வீட்டின் சொல்லுக் கேட்கும், நான் அதை இன்னும் பழக்கி எடுக்கவில்லை.

மத்தியானம் சமையல். மீன் வாங்க நேரமில்லை. கத்தரிக்காய்க் குழம்பு. "மீன் இல்லையே?" என்றார் அண்ணை. அம்மா ஒரு முட்டை பொரித்துக் கொடுத்தா.

பின்னேரம்தான் அவிட்டு முடிந்தது. நூல் முழுக்க ஒரு சட்டிக்குள். துண்டு துண்டு. ஒரு முழமும் இல்லை ஒவ்வொன்றும்.

பங்குனி 13, வெள்ளி

வெள்ளி என்றபடியால் வீடு கழுவினது, சாமியறை, சைவச் சமையல், இரண்டு கறி கூட. நூலை நேற்றே சவர்க்காரத்தில் ஊறப்போட்டிருந்தேன். செம்மண் போகவில்லை. கல்லுப் பட்ட இடத்திலெல்லாம் ஒரு தவிட்டு நிறம். தேசிக்காய் தேய்த்துப் பார்த்தேன். கொஞ்சம் போனது. கொடியில் காயப்போட்டேன், நூல் நூலாக.

சின்னராசா மாமியின் தலை வேலிக்கு மேலால்.

"என்ன பிள்ளை, இடியப்பம் காயப்போடுறாய்?"

"நூல் மாமி."

"உன்ரை வயசிலை எனக்கு ரண்டு பிள்ளை. நீ நூல் காயப்போடு."

"பிள்ளையெண்டால் அதின்ரை பீத்துணியும் நான்தானே காயப்போடவேணும்."

தலை கீழே போய்விட்டது. அம்மாவுக்கு இண்டைக்குள் கதை போகும். போகட்டும்.

பேஸ்புக் பார்த்தேன். அண்ணை வியாழன் எடுத்த படத்தைப் போட்டிருக்கிறார். நேரான காய்கள், கத்தரிப்பூ நூல், ஓரத்தில் என் முழங்கை. மேலே: "வேலைக்குப் பிறகு மண்ணோடு. நஞ்சில்லா உணவு. உழைப்பே உயர்வு." கனடாவிலிருக்கிற பெரியப்பா: "தம்பியின் உழைப்புக்கு வாழ்த்துக்கள். இளைஞர்கள் பார்த்துப் பழகவேண்டும்." இலண்டனில் ஒரு அக்கா: "அந்த நூல் என்ன வடிவான கலர்!"

முழங்கையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

பதில் எழுதப் போனேன். எழுதி அழித்தேன். கரை பின்னுகிற நேரம் போகுது.

துண்டுகளை முடிச்சுப் போட்டுப் பின்னுகிறேன். முடிச்செல்லாம் பின்பக்கம். முன்பக்கம் தெரியாது. தவிட்டு நிறம் தெரியும், கிட்டக் குனிந்தால்.

பங்குனி 14, சனி

காற்று இல்லை. வேர்வையில் ஊசி வழுக்குது.

ஒரு மூலை மிச்சம். சாப்பாடு பின்னேரம் மூன்று மணிக்கு. அம்மா இரண்டு தரம் கூப்பிட்டா, ஒரு தரம் ஆடு கூப்பிட்டுது. ஆட்டுக்குப் போனேன்.

விளக்கு வைக்கிற நேரம் கரை பின்னி முடிந்தது. நிலத்தில் விரித்தேன். தவிட்டுப் புள்ளிகள் கரையைச் சுற்றி, ஒழுங்கில்லாமல். முதலில் அழுகை வந்தது. பிறகு பார்க்கப் பார்க்கப் பிடித்துவிட்டது. இதை மறைக்கப் போறதில்லை. கேட்டால் சொல்லுவேன், புடலங்காய் நேராக வளர என் நூல் தொங்கினது என்று.

அம்மா வந்து நின்றா. காலால் ஒரு மூலையை நேராக்கினா. பிறகு, "எங்கடை மேசைக்கு ஒண்டு இதுபோலை செய்யடி" என்றா. பாராட்டோ வேலையோ தெரியவில்லை. இங்கே இரண்டும் ஒன்றாகத்தான் வரும்.

இனி ஞாயிறு. தண்ணி முறை. நான் ஏழு மணி பஸ் எடுக்கவேணும், இருட்டோடு தொடங்கினாலும் அதுக்குள் இறைத்து முடியாது. முறையை விட்டால் பிறகு புதனுக்குத்தான். இந்த வெயிலுக்கு வெங்காயம் புதன்வரை நில்லாது.

இராச்சாப்பாட்டில் எல்லாருக்கும் முன்னால் கேட்டேன்.

"அண்ணை, நாளைக்குத் தண்ணி நீங்கள் மாறவேணும்."

"ஓம் ஓம். நான் பாக்கிறன்."

"பாக்கிறதில்லை. மாறுறது. ஆறரைக்கு."

"ஓம் எண்டுறன். என்ன, கிளாக்கருக்கு ஓடர் போடுறமாதிரிப் போடுறாய்."

அம்மா: "அவனுக்கு ஒரு ஞாயிறுதானடி நித்திரை."

எனக்கு எந்த நாள் என்று கேட்டேன். அம்மா அண்ணைக்குச் சொதி ஊற்றினா, எனக்கல்ல.

பங்குனி 15, ஞாயிறு

பஸ்ஸுக்குள். எழுத்து ஆடுது. மே.வி. மடியில், வெள்ளைத் துணிக்குள்.

ஆறரைக்கு அண்ணையின் அறைக் கதவைத் தட்டினேன். ஆறே முக்காலுக்கும் தட்டினேன். "ம்" என்றார். காற்றாடி முழு வேகத்தில். பிறகு அந்த 'ம்' கூட வரவில்லை.

மண்வெட்டியைக் கதவோடு சாத்திவைத்தேன். கிணற்றடிக்குப் போனேன். மோட்டரைப் போட்டேன். முதல் பாத்தியைத் திறந்தேன். தண்ணி ஓடத் தொடங்கினது. கை கழுவிக்கொண்டு படலைக்கு வந்தேன்.

சின்னராசா மாமா வேலியில். "கொண்ணை எங்கை பிள்ளை?"

"எழும்பிறார் மாமா."

"உனக்குப் பஸ் போகப் போகுது. நான் மாறிவிடட்டே?"

வாய்க்குள் ஓம் என்று வந்தது. விழுங்கினேன்.

"வேண்டாம் மாமா. அவர் ஓம் எண்டவர். அவர் மாறட்டும்."

மாமா என்னைப் பார்த்தார். ஒரு மாதிரிச் சிரித்தார். வேலியை விட்டுப் போகவில்லை.

அம்மா விறாந்தையில் தூணைப் பிடித்தபடி. "என்னடி செய்திட்டுப் போறாய்? முதல் பாத்தி நிறைஞ்சு வெங்காயம் அழுகப் போகுது!"

"உங்கடை மகனை எழுப்புங்கோ."

"நான் உந்த முழங்காலோடை வாய்க்காலுக்குள்ளை இறங்கிறதே?"

"உங்களை ஆர் இறங்கச் சொன்னது? மகனை எழுப்புங்கோ."

மோட்டரை நிப்பாட்டினால் முறை போகும், மற்றப் பாத்தியெல்லாம் காயும். ஓடவிட்டால் முதல் பாத்தி அழுகும். ஒரு ஆள் எழும்பினால் இரண்டும் நடக்காது. அந்த வெங்காயம் நான் நட்டது. நான் புல்லுப் பிடுங்கினது. அழுகினால் எனக்குத்தான் நோகும், அவருக்கு இல்லை. அதுவும் தெரிந்துதான் பஸ் ஏறினேன்.

கோப்பாய்ச் சந்தியில் இருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினது:

"அண்ணை, தண்ணி ஓடுது. எழும்பிப் போய் மாறுங்கோ."

பஸ் இருபாலையில். நீலச் சரி இரண்டும் விழுந்திட்டுது. முழித்துத்தான் இருக்கிறார். பார்த்துவிட்டார்.

திரும்ப அனுப்பினேன்: "மண்வெட்டி கதவடியிலை. போறீங்களோ இல்லையோ, சொல்லுங்கோ."

கல்வியங்காடு. நீலச் சரி.

போனைப் பைக்குள் வைத்துவிட்டேன். மே.வி. ஒன்பதுக்குள் போய்ச் சேரும்.