கடைசியாகக் குடிவந்த ஃபைட்டர்

மாமா,

இன்று காலை காய்ந்த வாதாம் இலை ஒன்றை மீன் தொட்டியில் போட்டேன். தண்ணீர் மெல்லத் தேயிலை நிறமாயிற்று. பழைய மரப்பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு வாடை எழுந்தது. "என்ன மாப்ளே, மீனுக்குக் கசாயமா?" என்று கேட்க நீங்கள் இல்லை. ஃபைட்டர் மீன் மட்டும் இலையின்மேல் போய்ச் சுகமாகப் படுத்துக்கொண்டது.

கல்யாணமாகி டவுணில் உங்கள் வீட்டுக்கே நான் குடிவந்தபோது, என்னுடையது என்று கொண்டுவந்தது அந்தக் கண்ணாடித் தொட்டி ஒன்றுதான். கட்டில், பீரோ, ஊஞ்சல் எல்லாம் உங்களுடையவை. அதனால்தான் முதல் முயற்சி சொதப்பியபோது எனக்கு அப்படி வலித்தது. ஃபைட்டரை முதலில் விட்டு, சில நாள் கழித்து வண்ண வால் கப்பி மீன்களை விட்டேன். தொட்டி முழுக்கத் தன் சொத்து என்று அதற்குள் அது முடிவுகட்டியிருந்தது. சாயங்காலத்துக்குள் கப்பிகளின் வால் கந்தல். ஒன்று செத்தும் போயிற்று. "சண்டைக்காரனுக்குத் துணை என்னத்துக்கு மாப்ளே? இன்னொரு மீன் செத்துச்சுன்னா தொட்டி மாடிக்குப் போயிரும்" என்றீர்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். உங்கள் வீட்டில் மட்டும் அதை விழுங்கப் பழகியிருந்தேன்.

அந்த வாரம் வந்த விருந்தாளிகளிடம் என்னைக் காட்டிச் சொன்னீர்கள்: "எங்க மாப்ளயும் சண்டைக்காரவதான். ஆனா இந்த வீட்டுக்குக் கடைசியா வந்தாவ பாத்தியளா, அதான் சத்தங்காட்டாம இருக்காவ." எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த நிமிடமே ஒரு பொறியும் தட்டியது.

மறுநாளே ஃபைட்டரை எடுத்து பாட்டிலில் வைத்தேன். கற்களை இடம் மாற்றி, செடிகளை நெருக்கமாக நட்டேன். பகட்டான வால் இல்லாத நியான் மீன் கூட்டத்தையும், அடிமணலிலேயே மேயும் குட்டி மீசை மீன்களையும் முதலில் குடிவைத்தேன். அவை நன்றாகப் பழகிய பிறகுதான் ஃபைட்டரை விட்டேன், வீட்டோடு மாப்பிள்ளையாக. நீங்கள் வலையும் கையுமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். அது செவுளை விரித்து முறைத்தது. நியான்கள் செடிக்குள் நழுவின. துரத்தப்போகிறது என்று நீங்கள் எழுந்தே விட்டீர்கள். அதுவோ, யார் வீடு இது என்று தெரியாத புது ஆள் மாதிரி ஓரமாக ஒரு சுற்று வந்து, பாசிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது. உங்கள் காபி ஆறிப்போயிருந்தது. வலையைக் கீழே வைத்து, "ஜெயிச்சிட்டியளே மாப்ளே" என்றீர்கள்.

அதற்குப் பிறகு ஒரு வால்கூடக் கிழியவில்லை. நான் நடந்த நடையைப் பார்த்து உங்கள் மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வருகிறவர்களையெல்லாம் தொட்டிக்கு முன்னால் உட்காரவைத்து, நானே சொல்லக் கூசுகிற அளவுக்கு என் பெருமையை அளந்தது நீங்கள்தான்.

பாபநாசத்திலிருந்து வந்த உங்கள் தம்பி முறைக்காரர் ஒருநாள் கேட்டார்: "மாப்ள உங்க வீட்டோடதான் இருக்காவளா அண்ணாச்சி?"

தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னீர்கள்: "இல்ல வே. நாங்கதான் மாப்ளகூட இருக்கோம்."

உங்களுக்குப் பிறகு இந்த வீடு எனக்கு வந்தது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அது அன்றைக்கே வந்துவிட்டது மாமா.