பால்கூடச் சிவந்துதான் இருந்தது

என் உயிருக்கு உயிரான தங்கம் அக்காவுக்கு,

தெம்பனிஸில் உன் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று இருந்தவர்கள்: அப்பா, அம்மா, அத்தான், நீ, நான், என் இடுப்பில் உன் மகள் மீனா. படம் எடுத்தது என் வீட்டுக்காரர். ஒருத்தரையும் விடவில்லை. என் ஞாபகம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியுமே.

போன வாரம் மீனா வந்தாள். "அம்மா வாய்விட்டுச் சிரிக்கிற படம் இது ஒண்ணுதான் சித்தி. திதிக்கு வேணும்." என் வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு தேக்கா பக்கம் ஒரு படக்கடைக்குப் போனோம். கடைக்காரர் கணினியில் ஏற்றினார். படம் முழுக்கச் செக்கச்செவேலென்று இருந்தது.

"பழைய கலர் படம் இப்படித்தான்மா. மத்த சாயம் போயிடும், சிவப்பு மட்டும் நிக்கும். இதுல கண்டிப்பா வெள்ளையா இருந்தது எது, காட்டுங்க. அதை வெச்சு மத்ததைச் சரிபண்ணிடலாம்."

"பால்," என்றேன். பொங்கி வழிகிற நுரையைத் தொட்டுக் காட்டினேன். அவர் அதன்மேல் ஒரு தட்டுத் தட்டினார்.

பால் வெளுத்தது. அப்பாவின் வேட்டி வெளுத்தது. அக்கா, உன் சேலை பச்சையானது.

"தம்பி, சேலை தப்பா வருது. அது அரக்கு. அதை மட்டும் பழையபடி மாத்துங்க." பார்த்தாயா, அப்போதும் நான் விடவில்லை.

"அது பச்சைதான்லா. சிவப்பாக்கினா நானா சாயம் பூசுன மாதிரி ஆயிடும்."

மீனா என் முகத்தைப் பார்க்கவில்லை. "அம்மா பச்சைன்னுதானே சொன்னாங்க, சித்தி," என்றாள்.

நம் அம்மா என் வீட்டில்தான் கண்ணை மூடினாள். காரியம் முடிந்து பெட்டியைத் திறந்தால் அவளுடைய அரக்குப் பட்டைக் காணோம். நான் சுவரைப் பார்த்தேன். அங்கே நீ அரக்குச் சேலையில் சிரித்துக்கொண்டிருந்தாய். வந்திருந்த சொந்தபந்தம் எல்லார் முன்னாலும் படத்தை உன் முகத்துக்கு நேரே நீட்டினேன். "திருடி! இது பச்சையா? கண்ணு அவிஞ்சா போச்சு? நான் அன்னைக்கே பார்த்தேன்டி!" என்றேன்.

அன்றைக்கு எங்கே பார்த்தேன்? சுவரில்தான் பார்த்தேன்.

"என்னோடது பச்சைதான்டி," என்று மறுபடியும் சொன்னாய். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய்.

அதே படத்தில் பால் ரோஜா சர்பத் கலந்த பண்டோங் மாதிரி இருந்தது. பண்டோங்கிலா யாராவது பால் காய்ச்சுவார்கள்? அது எனக்கு உறைக்கவில்லை. உன் சேலை மட்டும் உறைத்தது. ஏன் அக்கா? நான் வாடகை அறையில் இருக்க, உனக்கு முதலில் வீடு கிடைத்ததே, அதனாலா?

பதினெட்டு வருஷம் பேசவில்லை. உன் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே உன்னைக் கிடத்தியிருந்தபோது வந்தேன். எதிர்க் காபிக்கடையில் ஒரு கோப்பி வாங்கி வைத்துக்கொண்டு, உன்னைத் தூக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். வாய்க்கரிசி போட எழுந்து வரவில்லை. கோப்பியையும் குடிக்கவில்லை.

திதியன்று பச்சைச் சேலைப் படத்தை நானே மாட்டுவேன். நான் உன்னைத் திருடி என்றதைக் கேட்டவர்களில் இன்னும் இருக்கிற எல்லாரையும் அழைக்கச் சொல்லிவிட்டேன். அவர்கள் எதிரிலேயே சொல்வேன், நீ எடுக்கவில்லை என்று. அந்தச் சேலை எங்கே போனது என்று இனி யாரையும் கேட்க மாட்டேன்.

என் மனசில் நான் மன்னிக்காதவர்கள் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியும். எல்லாரையும் விட்டுவிட்டேன், ஒருத்தியைத் தவிர. அவள் பெயரைக் கீழே எழுதியிருக்கிறேன்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
பாக்கியம்